போனஃபைடு, போனஸ், ப்ரோ போனோ: மூன்றும் ஒரே சொல்தானா?

ஊர்க்குருவி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். போன வாரம் மகளுக்கு போனஃபைடு சர்டிஃபிகேட் வாங்கப் பள்ளிக்கூடம் போயிருந்தோம். எட்டாம் வகுப்பு படிக்கிறாள், இரண்டாம் மொழி பிரெஞ்சு. அலுவலகத்து வாசலில் காத்திருந்தபோது அந்தப் படிவத்தைப் பார்த்துவிட்டு, "அப்பா, இந்த போனாவும் எங்க பிரெஞ்சு டீச்சர் சொல்லிக்கொடுத்த பொன்னும் ஒண்ணா?" என்று கேட்டாள். பிரெஞ்சில் நல்ல பையன் என்றால் ஒரு சொல், நல்ல பெண் என்றால் அதற்கு வேறு வடிவம், அந்தப் பெண்ணுக்கான வடிவம் காதில் விழும்போது ஏறக்குறைய நம் பொன் மாதிரியே இருக்கிறது. இரண்டும் லத்தீனிலிருந்து வந்தவை, அதனால் ஒன்றாகத்தான் இருக்கும் என்று சொல்லி வைத்தேன், ஆனால் அதற்கு மேல் எனக்கு விளக்கத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு அவளே பட்டியலை நீட்டிக்கொண்டு போனாள். தீபாவளி போனஸ், வக்கீலாக இருக்கும் என் மைத்துனர் அடிக்கடி சொல்லும் ப்ரோ போனோ, அப்புறம் போனஃபைடு. ஒரே சொல் என்றால் ஒன்றில் ஏன் 'அஸ்', ஒன்றில் ஏன் 'ஆ', இன்னொன்றில் ஏன் 'ஓ'? பிரெஞ்சில் நல்ல என்பதற்கு போன், பொன், அதைவிட நல்ல என்பதற்கு முற்றிலும் வேறாக மெய்யர், நன்றாக என்பதற்கு பியான், இன்னும் நன்றாக என்பதற்கு மியூ. இத்தனையையும் மனப்பாடம் செய்யச் சொல்கிறார்களாம். காரணம் தெரிந்தால் மனப்பாடம் செய்வது சுலபம் என்கிறாள், அது நியாயம்தான். தெரிந்தவர்கள் கொஞ்சம் பொறுமையாக விளக்க முடியுமா? இலக்கணச் சொற்கள் வந்தாலும் பரவாயில்லை, எனக்குப் பள்ளித் தமிழ் இலக்கணம் ஓரளவு நினைவிருக்கிறது.

குறில்நெடில் எழுதியது:

ஆமாம், எல்லாம் ஒரே சொல்தான். உங்கள் மகள் கேட்டது மிக நல்ல கேள்வி. தமிழ் இலக்கணம் நினைவிருக்கிறது என்று சொன்னீர்கள் அல்லவா, அது போதும், ஏனென்றால் இதை ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்களைவிட நமக்கு எளிதாகப் புரியும். ஒரே ஒரு வேண்டுகோள், நான் எழுதும் லத்தீன் சொல் பொ, பெ, பி என்று தொடங்கினால் அதை 'பஸ்', 'பல்ப்' என்ற சொற்களின் தொடக்கத்தில் வரும் ப மாதிரி படியுங்கள்.

லத்தீனில் நல்ல என்பதற்கு உரிய சொல் பொனுஸ். பொ குறில், இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். ஆண்பாலுக்கு பொனுஸ், பெண்பாலுக்கு பொன, ஒன்றன்பாலுக்கு பொனும். நம்மிடம் 'நல்ல' என்பது மாறாது: நல்ல பையன், நல்ல பெண், நல்ல புத்தகம். ஆனால் பழைய தமிழில் நல்லன், நல்லள், நல்லது என்று குறிப்பு வினைமுற்று படித்திருப்பீர்கள், பொனுஸ், பொன, பொனும் மூன்றையும் அந்த மூன்றுக்கு நேராக வைத்துப் பாருங்கள், அப்படியே பொருந்தும். வித்தியாசம் என்னவென்றால் லத்தீனில் பெயருக்கு முன்னால் அடையாக வரும்போதும் அந்த விகுதி கூடவே வரும், அதோடு வேற்றுமை உருபும் சேர்ந்துகொள்ளும். நாம் 'நல்ல நம்பிக்கையோடு' என்று சொல்லும்போது 'ஓடு' நம்பிக்கையில் மட்டும்தான் ஒட்டுகிறது. அவர்கள் 'நல்ல' என்பதிலும் 'ஓடு' ஒட்டுவார்கள்.

போனஃபைடு என்பது அதேதான். ஃபிதேஸ் என்றால் நம்பிக்கை, நாணயம், பெண்பால் சொல். 'நல்ல நாணயத்தோடு' என்று சொல்ல இரண்டு சொற்களும் சேர்ந்து மாறி பொனா ஃபிதே ஆகின்றன. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். எழுவாயாக வந்தால் பொன, இந்த 'ஓடு' வேற்றுமையில் வந்தால் பொனா. குறிலுக்கும் நெடிலுக்கும் நடுவில் உள்ள அந்த ஒரு மாத்திரைதான் வேற்றுமை உருபு! ரோமன் எழுத்தில் வழக்கமாக இரண்டையும் ஒரே மாதிரிதான் எழுதுவார்கள், பாடப்புத்தகத்தில் மட்டும் நெடிலுக்கு மேலே கோடு போட்டுக் காட்டுவார்கள். தமிழில் எழுதினால் தானாகவே தெரிந்துவிடுகிறது. லத்தீன் படிக்கத் தொடங்கிய நாளிலிருந்து என் நோட்டில் தமிழ் எழுத்தில்தான் எழுதிப் படிக்கிறேன், இந்த ஒரு காரணத்துக்காகவே.

அந்தத் தொடர் ரோமானியச் சட்டத்தில் முக்கியமானது. விற்பவனுக்குச் சொந்தமில்லாத பொருள் என்று தெரியாமல் ஒருவன் ஒரு பொருளை விலை கொடுத்து வாங்கினால், அவன் பொனா ஃபிதே வாங்கினான் என்பார்கள், அவனுக்குச் சட்டத்தில் தனிப் பாதுகாப்பு உண்டு. மனதில் கள்ளமில்லாமல் என்ற அந்தப் பொருளிலிருந்து மெல்ல உண்மையான, போலி இல்லாத என்று ஆங்கிலத்தில் மாறி, இன்று பள்ளி கொடுக்கும் சான்றிதழின் பெயராக வந்து நிற்கிறது.

உங்கள் மைத்துனர் சொல்லும் ப்ரோ போனோ, முழுதாகச் சொன்னால் ப்ரோ பொனோ பூப்ளிகோ, பொது நன்மைக்காக. பொனும், அதாவது 'நல்லது', ப்ரோவுக்குப் பின்னால் வருவதால் பொனோ என்று ஆகிறது. வக்கீல்களிடம் இன்னொரு பொனோவும் உண்டு, குயி பொனோ, 'யாருக்கு நன்மை?' என்பது. கொலை வழக்கு வந்தால் முதலில் இதைக் கேளுங்கள் என்று லூக்கியுஸ் காசியுஸ் என்ற நீதிபதி சொல்வாராம். கிமு 80-இல் ரோஸ்கியுஸ் என்பவர்மீது தந்தையைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்டபோது, அவருக்காக வாதாடிய இளம் வக்கீல் கிகெரோ இதை எடுத்துச் சொன்னார். கிகெரோ என்றால் நம் ஊரில் சிசரோ என்று எழுதுகிறார்களே, அவர்தான்.

ஆண், பெண், ஒன்றன்பால், ஒருமை, பன்மை, வேற்றுமைகள் எல்லாம் சேர்த்து பொனுஸுக்கு அட்டவணையில் 36 கட்டங்கள். பயப்பட வேண்டாம், பல கட்டங்களில் ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வருவதால் உண்மையில் வேறுபட்ட வடிவங்கள் 14 மட்டுமே. பிரெஞ்சு விஷயத்தை இரவு எழுதுகிறேன், அல்லது தெரிந்தவர்கள் யாராவது எழுதினாலும் மகிழ்ச்சி.

புதுவைக்காரி எழுதியது:

பிரெஞ்சு பற்றி நான் சொல்லலாமா? சின்ன வயதிலிருந்து வீட்டில் இரண்டு மொழியும் கேட்டு வளர்ந்தவள், பத்து வருடமாகப் பிள்ளைகளுக்கு டியூஷனும் எடுக்கிறேன்.

ஊர்க்குருவி சார், உங்கள் மகளிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள். பேச்சுத் தமிழில் 'அவன் வந்தான்' என்று வேகமாகச் சொல்லச் சொல்லுங்கள். கடைசி ன் முழுதாக ஒலிக்காது, மூக்கு வழியாகக் காற்று போகும், அவ்வளவுதான். அதையே 'அவனைப் பார்த்தேன்' என்று சொல்லச் சொல்லுங்கள், ன தெளிவாகக் கேட்கும், ஏனென்றால் பின்னால் உயிர் ஒட்டியிருக்கிறது. பிரெஞ்சில் நடந்ததும் இதேதான். ஆண்பால் வடிவத்தில் ன்-க்குப் பின்னால் இருந்த உயிர் எப்போதோ விழுந்துவிட்டது, அதனால் ன் மூக்கொலியாகக் கரைந்து போன் ஆயிற்று. பெண்பாலில் கடைசியில் அ இருந்தது, அது மெலிந்து மெலிந்து மிகவும் தாமதமாகத்தான் மறைந்தது, அதுவரை ன்-ஐக் காப்பாற்றி வைத்திருந்தது. அதனால்தான் பொன் என்று ன் கணீரென்று கேட்கிறது. எழுத்திலும் அந்தப் பழைய உயிர் எழுத்து இன்னும் உட்கார்ந்திருக்கிறது, ஒலிப்பதில்லை. என் மாணவர்களுக்கு இந்த 'அவன், அவனை' சொன்ன பிறகு யாரும் இரண்டையும் குழப்பிக்கொள்வதில்லை.

மெய்யர், மியூ இரண்டும் மெலியோர் என்ற வேறொரு லத்தீன் சொல்லின் பிள்ளைகள். ஆங்கிலத்தில் குட், பெட்டர் என்று வேரே மாறிவிடுகிறது அல்லவா, லத்தீனிலும் அப்படித்தான், பொனுஸ், மெலியோர், ஓப்திமுஸ் என்று மூன்றும் வெவ்வேறு வேர். நமக்கு இந்தத் தொல்லையே இல்லை, 'விட' என்று சேர்த்தால் முடிந்தது. மெலியோரின் ஒன்றன்பால் வடிவம் மெலியுஸ், அது நன்றாக என்ற வினையடையாகவும் வேலை செய்யும், அதிலிருந்து வந்தது மியூ. அதனால்தான் 'இன்னும் நல்ல கேக்' என்றால் மெய்யர், 'இன்னும் நன்றாகப் பாடுகிறாள்' என்றால் மியூ. பியான் என்பது பெனெ, நன்றாக. கடிதத்தில் முக்கியமானதைச் சொல்லும்போது என்.பி. என்று போடுவார்களே, நோதா பெனெ, நன்றாகக் கவனி என்று பொருள், அந்த பெனெதான்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது உறவுப் பெயர்கள். பிரெஞ்சில் பாட்டியை பொன்-மமான் என்று கூப்பிடுவதுண்டு, வார்த்தைக்கு வார்த்தை நல்லம்மா. தாத்தா போன்-பாபா. மாமியார் பெல்-மேர், அழகம்மா! மருமகளும் மாமியாரும் எப்படி இருந்தாலும் பெயரில் மரியாதை குறையாது.

அப்புறம் போன்னர், அதாவது மகிழ்ச்சி. இதை நல்ல நேரம் என்று பலர் பிரிக்கிறார்கள், பிரெஞ்சில் நேரம் என்பதற்கான சொல்லும் அதே மாதிரி ஒலிப்பதால் வரும் தவறு அது. உள்ளே இருப்பது அவுகுரியும், அதாவது பறவைகளைப் பார்த்துச் சொல்லும் சகுனம். நல்ல சகுனம் என்பதே மகிழ்ச்சிக்குப் பெயர் ஆகியிருக்கிறது. நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இது விளக்காமலேயே புரியும்.

வட்டெழுத்து எழுதியது:

நல்ல திரி, ஆர்வமாகப் படிக்கிறேன். ஆனால் யாரும் கேட்காத ஒன்றை நான் கேட்கிறேன். ஊர்க்குருவியின் மகளே சொல்லிவிட்டாள், பிரெஞ்சுச் சொல் நம் பொன் மாதிரி இருக்கிறது என்று. பொன் மட்டுமா, நாம் நல்லவர்களைப் பொன்னான மனசு என்கிறோம், நல்ல நேரத்தைப் பொன்னான நேரம் என்கிறோம். யவனர்கள் பொன்னோடு வந்து மிளகோடு போனதைச் சங்கப் பாடலே சொல்கிறது. ரோமானியத் தங்கக் காசுகள் கொங்கு நாட்டில் மண்ணுக்கடியிலிருந்து கிடைத்துக்கொண்டே இருக்கின்றன. நம் பொன் அவர்களிடம் போய் பொனுஸ் ஆகியிருக்கக் கூடாதா? ஒலியும் ஒத்துப்போகிறது, பொருளும் ஒத்துப்போகிறது, வணிகமும் இருந்திருக்கிறது. இதைவிட என்ன வேண்டும்?

குறில்நெடில் எழுதியது:

வட்டெழுத்து அண்ணா, யவனர் வணிகத்தைப் பற்றி நீங்கள் சொன்னது அத்தனையும் சரி. ஆனால் இந்தச் சொல் விஷயத்தில் அப்படி நடக்க வழியில்லை, அதற்குக் காரணம் எளிது: அந்த வணிகம் தொடங்குவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னால் அந்த லத்தீன் சொல்லில் ப என்ற எழுத்தே கிடையாது.

1880-இல் ரோமின் குவிரினால் குன்றில் ஹைன்ரிஷ் டிரெஸ்ஸல் என்ற ஜெர்மானிய அறிஞர் ஒரு சின்ன மண்பாத்திரத்தைக் கண்டெடுத்தார். மூன்று குட்டிக் கலயங்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்த மாதிரி இருக்கும், இப்போது பெர்லின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. காலம் ஏறக்குறைய கிமு ஆறாம் நூற்றாண்டு. அதைச் சுற்றி எழுதியிருப்பதில் துவெனோஸ் என்ற சொல் வருகிறது, 'தோசை'யில் வரும் த போட்டுப் படியுங்கள். 'துவெனோஸ் என்னைச் செய்தான்' என்று பாத்திரமே பேசுகிறது. துவெனோஸ் அந்தக் குயவனின் பெயரா அல்லது 'நல்லவன் ஒருவன்' என்று பொருளா என்று இன்றும் வாதிடுகிறார்கள், ஆனால் எப்படிப் பார்த்தாலும் அது பொனுஸின் மூத்த வடிவம் என்பதில் சண்டை இல்லை. அதே வரியில் 'நல்லவனுக்கு' என்று நான்காம் வேற்றுமையில் துவெனோய் வருகிறது, கெட்டவன் என்பதற்கு மலோஸ் வருகிறது. கெட்டவன் கையில் நான் சிக்கக் கூடாது என்கிற மாதிரி முடிகிறது. இரண்டாயிரத்து ஐந்நூறு வருடம் முன்னால் ஒரு கலயத்தில் நல்லவனும் கெட்டவனும் பக்கத்துப் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கிறார்கள், அந்தப் படத்தை முதலில் பார்த்த அன்று எனக்கு உடம்பு சிலிர்த்தது.

அடுத்த படி இன்னும் தெளிவு. ஆப்பியா சாலை ஓரம் சிபியோ குடும்பத்தாரின் கல்லறை இருக்கிறது. கிமு 259-இல் கான்சலாக, அதாவது ரோமின் தலைமைப் பதவியில் இருந்த லூக்கியுஸ் கொர்னேலியுஸ் சிபியோவின் கல்வெட்டில், இவன் ஒருவனே ரோமின் நல்லவர்களுக்குள் மிக நல்லவன் என்று பெரும்பாலோர் ஒப்புக்கொள்கிறார்கள் என எழுதியிருக்கிறது. 'நல்லவர்களுக்குள்' என்பதற்கு அங்கே துவொனோரோ என்று இருக்கிறது. பிற்காலத்தில் அதுவே பொனோரும். துவெ என்பது துவொ ஆகி, பிறகு துவ் என்ற கூட்டொலி முழுவதும் ப ஆகிவிட்டது. இது இந்த ஒரு சொல்லில் மட்டும் நடந்திருந்தால் சந்தேகப்படலாம். போர் என்பதற்குப் பழைய சொல் துவெல்லும், பிறகு பெல்லும். இருமுறை என்பதற்கு துவிஸ், பிறகு பிஸ். நாம் டீயில் தொட்டுச் சாப்பிடும் பிஸ்கட்டுக்கே 'இருமுறை சுட்டது' என்றுதான் அர்த்தம், அந்த பிஸ் இதுதான். வரிசையாக எல்லாச் சொல்லும் ஒரே மாதிரி மாறுவதால் இதை விதி என்று சொல்ல முடிகிறது.

நம் பக்கம் பார்த்தால் பொன் கன்னடத்தில் ஹொன்னு, பால் ஹாலு ஆன மாதிரி, பூ ஹூ ஆன மாதிரி. அதாவது நம் சொல்லுக்கு ப மிகப் பழையது, அவர்கள் சொல்லுக்கு ப புதியது. பின்னோக்கிப் போகப் போக இரண்டும் விலகித்தான் போகின்றன. ஒலி ஒத்துப்போவது மட்டும் போதாது அண்ணா, பழைய வடிவங்களும் ஒத்துப்போக வேண்டும்.

இன்னொரு அழகு அந்தக் கல்வெட்டிலேயே இருக்கிறது. துவொனோரோ, ஓப்துமோ, விரோ என்று செதுக்கியிருக்கிறார்கள், இலக்கணப்படி எல்லாவற்றிலும் கடைசியில் ம் இருக்க வேண்டும். விட்டுவிட்டார்கள், ஏனென்றால் பேச்சில் அந்த ம் அப்போதே கரையத் தொடங்கிவிட்டது. புதுவைக்காரி அக்கா சொன்ன 'அவன்' மாதிரி, நாம் மரம், பழம் என்று எழுதிவிட்டு வாயால் சொல்லும்போது ம்-ஐ மூக்கில் விடுகிறோமே, அது. பொனும், பொனம் என்ற இரண்டாம் வேற்றுமை வடிவங்களிலிருந்துதான் இன்றைய மொழிகளின் சொற்கள் பெரும்பாலும் வருகின்றன. ம் விழுந்தால் மிச்சம் பொனு, பொன.

இப்போது அந்தக் குறில் ஒ. அழுத்தம் விழும் குறில் ஒ ஸ்பானிய மொழியில் 'உவெ' ஆகும், இத்தாலிய மொழியில் 'உவொ' ஆகும். அதனால் ஸ்பானியத்தில் புவெனோ, இத்தாலியத்தில் புவொனோ. நெடில் ஓ அப்படி ஆகாது. கொடை என்பதற்கு லத்தீனில் தோனும், தோ நெடில். ஸ்பானியத்தில் அது வெறும் தொன், இத்தாலியத்தில் தோனோ, உடையவே இல்லை. ரோமானியர்கள் எழுத்தில் காட்டாத குறில் நெடில், ஆயிரம் வருடம் கழித்துப் பேரப்பிள்ளைகளின் வாயில் வெளிவந்துவிட்டது! பிரெஞ்சிலும் ஒரு காலத்தில் இப்படி இருந்தது. ஏறக்குறைய 880-ஆம் ஆண்டைச் சேர்ந்த, பிரெஞ்சில் கிடைத்திருப்பவற்றிலேயே மிகப் பழைய பாட்டு புனித எவுலாலியாவைப் பற்றியது, அது 'புவொன' என்ற சொல்லோடுதான் தொடங்குகிறது. அவள் நல்ல பெண், உடல் அழகு, அதைவிட ஆன்மா அழகு என்பது முதல் இரண்டு வரி. பின்னால் மூக்கொலி வந்து அந்த உவொ மறுபடியும் ஒ-வுக்குள் அடங்கிப் போயிற்று.

அந்த இரண்டு வரியில் நல்ல, அழகு என்று இரண்டு சொற்கள் வருகின்றன பாருங்கள், அவை இரண்டும் அக்கா தங்கை. துவெனோஸ் என்பதைக் கொஞ்சலாகச் சொன்னால் துவெனெலோஸ், 'நல்லக்குட்டி' என்கிற மாதிரி. அது சுருங்கி பெல்லுஸ் ஆகி, அழகான என்று பொருள் கொண்டது. பிரெஞ்சின் போ, பெல் இரண்டும் அதன் பிள்ளைகள், அதனால் அக்கா சொன்ன பாட்டியும் மாமியாரும் மூலத்தில் ஒரே அடைமொழிதான் வைத்திருக்கிறார்கள். ஆங்கிலத்தின் பியூட்டியும் அங்கேயிருந்துதான், தெருவுக்குத் தெரு இருக்கும் பியூட்டி பார்லர் வரை. நல்லது எப்படி அழகாகும் என்று கேட்க வேண்டியதில்லை, சங்கப் பாடலில் நன்னுதல் என்றால் அழகிய நெற்றி உடையவள், நாம் புடவையைப் பார்த்து 'நல்லா இருக்கு' என்கிறோம்.

வட்டெழுத்து எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன் தம்பி. துவெல்லும், துவிஸ் என்று வரிசை காட்டியதும் எனக்கு விளங்கிவிட்டது. அந்தக் கலயத்தின் படத்தைத் தேடிப் பார்த்தேன், எழுத்து வலமிருந்து இடமாகச் சுற்றிச் சுற்றிப் போகிறது. கல்வெட்டுப் படிப்பவன் என்ற முறையில் இன்று இரவு எனக்கு வேறு வேலை ஓடாது.

மில்கணக்கு எழுதியது:

நான் கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன், ஐப்பசி வந்தால் எனக்கு போனஸ் தவிர வேறு நினைப்பே இருக்காது. குறில்நெடில் சொன்னபடி பார்த்தால் போனஸ் என்பது பொனுஸ், அதாவது நல்லவன். 'நல்லது' என்றால் பொனும் என்றல்லவா வந்திருக்க வேண்டும்? தப்பாகத்தான் வந்திருக்கிறது என்று அகராதியும் சொல்கிறது, 18-ஆம் நூற்றாண்டு லண்டன் பங்குச் சந்தைக்காரர்கள் லத்தீன் மாதிரி இருக்கட்டும் என்று உருவாக்கிய சொல்லாம். எனக்கு அந்தத் தப்பு பிடித்திருக்கிறது. வருடம் முழுவதும் தறியிலும் ஸ்பின்னிங்கிலும் நின்றவர்கள் கையில் வாங்கும் பணத்துக்கு நல்லவன் என்று பெயர் இருந்தால் தவறில்லை.

தெரியாதவர்களுக்காக: சட்டப்படி போனஸ் குறைந்தபட்சம் 8.33 சதவீதம், அதிகபட்சம் 20 சதவீதம். 8.33 என்பது பன்னிரண்டில் ஒரு பங்கு, வருடச் சம்பளத்தில் ஒரு மாதம். பதின்மூன்றாவது மாதச் சம்பளம் என்று எங்கள் ஆட்கள் சொல்வது அதைத்தான்.

கடலோடி எழுதியது:

சரக்குக் கப்பலில் இருபது வருடம் வேலை பார்த்தவன். பொனுஸ் கடலிலும் கிடக்கிறது, அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கடைகளில் பம்பர் பொனான்சா என்று போர்டு வைக்கிறார்களே, அது ஸ்பானிய மாலுமிகளின் சொல், காற்று அடங்கி அலை இல்லாத நல்ல கடல் என்று பொருள். இதன் பிறப்பு விசித்திரமானது. கிரேக்கத்தில் மலாகியா என்றால் மென்மை, கடல் அமைதியாக இருப்பதையும் அப்படிச் சொல்வார்கள். லத்தீனில் அது மலாகியா என்றே வந்தது, சீசரே கடற்சண்டை ஒன்றைப் பற்றி எழுதும்போது இந்தச் சொல்லைப் போட்டிருக்கிறார். ஆனால் லத்தீன் பேசுகிறவன் காதுக்கு 'மல' என்றாலே கெட்டது, மலுஸ். அமைதியான கடலுக்கு எப்படிக் கெட்டது என்று பெயர் இருக்கலாம் என்று நினைத்து, மலவை எடுத்துவிட்டு பொனை வைத்து பொனாகியா என்று மாற்றிவிட்டார்கள். அதுதான் பொனான்சா. பின்னால் அமெரிக்காவின் மேற்குப் பக்கம் சுரங்கம் தோண்டியவர்கள் நல்ல தாது கிடைத்தால் பொனான்சா என்றார்கள், 1873-இல் நெவாடாவில் பெரிய வெள்ளி நரம்பு ஒன்று கிடைத்தபோது அந்தப் பெயர் உலகம் முழுவதும் பரவியது.

நன்னம்பிக்கை முனை எல்லோருக்கும் தெரியும், போர்த்துகீசில் காபு த போவா எஷ்பெரான்சா. 1488-இல் பார்த்தலோமியு டயஸ் அதைச் சுற்றி வந்தார், முதலில் புயல் முனை என்ற பெயர் இருந்து பிறகு நல்ல நம்பிக்கை ஆனது. போர்த்துகீசில் ஆண்பால் போம், பெண்பால் போவா. இரண்டு உயிருக்கு நடுவில் மாட்டிய ன் அங்கே நிற்பதில்லை, நிலா என்ற லூனாவும் லுவா ஆகிவிட்டது. கோவாவில் புனித சவேரியார் உடல் இருக்கும் கோவிலுக்கு நம் ஊர் வேளாங்கண்ணி பக்தர்கள் நிறையப் பேர் போகிறார்கள், அதன் பெயரில் உள்ள போம் ஜீசஸ், நல்ல இயேசு.

இதை வைத்து ஒரு பழைய கதையைச் சரிபார்க்கலாம். பம்பாய் என்ற பெயர் போர்த்துகீசின் போம் பாயியாவிலிருந்து, நல்ல விரிகுடாவிலிருந்து வந்தது என்று கப்பலில் பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். விரிகுடா போர்த்துகீசில் பெண்பால். அப்படி ஒரு பெயரை அவர்கள் வைத்திருந்தால் போவா பாயியா என்றுதான் வந்திருக்கும். மும்பா தேவியின் பெயர்தான் அடிப்படை என்று இப்போது பெரும்பாலும் ஏற்கப்படுகிறது.

ஊர்க்குருவி எழுதியது:

இரண்டு நாளாக மகளோடு சேர்ந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்தேன். ஒவ்வொருவருக்கும் மனமார்ந்த நன்றி. 'அவன், அவனை' அவளுக்கு உடனே பிடிபட்டுவிட்டது, வகுப்பில் தோழிகளுக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். நோட்டில் பொன, பொனா என்று தமிழில் எழுதி நெடிலுக்கு அடியில் கோடு போட்டு வைத்திருக்கிறாள்.

அவளுக்கு இன்னும் இரண்டு சந்தேகம். ருமேனிய மொழியும் லத்தீனிலிருந்து வந்தது என்று படித்தாளாம், அங்கே இந்தச் சொல் என்ன ஆயிற்று? இன்னொன்று, பொனுஸுக்கு இத்தனை பிள்ளைகள் இருந்தால் மலுஸுக்கும் இருக்க வேண்டுமே, அதில் நாம் தமிழில் தினமும் சொல்வது ஏதாவது இருக்கிறதா?

குறில்நெடில் எழுதியது:

மகளுக்கு என் வாழ்த்துகள். ருமேனியத்தில் ஆண்பால் புன், பெண்பால் புன, பகலில் ஒருவரைப் பார்த்தால் 'புன சீவா', நல்ல நாள். அங்கே மெலியோர், ஓப்திமுஸ் இரண்டும் பேச்சில் நிலைக்கவில்லை, 'இன்னும் நல்ல' என்று 'மய்' சேர்த்து மய் புன் என்று சொல்லிவிடுவார்கள். நாம் 'விட' சேர்ப்பது மாதிரியே எளிது. தாத்தா புனிக், பாட்டி புனிக. புதுவைக்காரி அக்காவின் பொன்-மமானும் ருமேனியாவின் புனிகவும் ஒன்றையொன்று பார்க்காமலேயே பாட்டிக்கு நல்லவள் என்று பெயர் வைத்திருக்கின்றன.

ஓப்திமுஸ் இத்தாலியத்தில் ஓத்திமோவாக இன்னும் உயிரோடு இருக்கிறது. மற்றபடி அது புத்தகம் வழியாகத்தான் திரும்பி வந்தது. இருக்கக்கூடிய உலகங்களுக்குள் கடவுள் மிகச் சிறந்ததையே படைத்தார் என்று 1710-இல் ஜெர்மானியத் தத்துவ அறிஞர் லைப்னிட்ஸ் எழுதினார், அந்தக் கொள்கைக்கு 1737-இல் பிரெஞ்சில் ஒப்திமிஸ்ம் என்று பெயர் வைத்தார்கள், ஆங்கிலத்தின் ஆப்டிமிஸமும் ஆப்டிமிஸ்டும் அதன் வழியாக வந்தவைதான்.

மலுஸில் தமிழில் தினமும் வருவது மலேரியா. இத்தாலியத்தில் மல ஆரியா, கெட்ட காற்று. சதுப்பு நிலத்துக் காற்றால்தான் அந்தக் காய்ச்சல் வருகிறது என்று நினைத்தார்கள். 1897-இல் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் கொசுவின் வயிற்றில் அந்தக் கிருமியைக் கண்டுபிடித்த பிறகும் பெயர் மாறவில்லை. இதற்கு நேர் எதிர்ச் சொல் வேண்டும் என்றால் உலகப்படத்தில் அர்ஜென்டினாவைப் பார்க்கச் சொல்லுங்கள். புவெனோஸ் ஐரெஸ், நல்ல காற்றுகள். 1536-இல் ஸ்பானியத் தளபதி பேத்ரோ தெ மெந்தோசா அங்கே இறங்கியபோது, மாலுமிகளைக் காக்கும் நல்ல காற்று மாதாவின் பெயரை வைத்தார், சார்தீனியத் தீவில் காலியாரி ஊரில் இருக்கும் பொனாரியா மாதா. கடைசியில் இருக்கும் ஸ் பன்மை, பொனோஸ் என்ற ஆண்பால் பன்மை இரண்டாம் வேற்றுமை. அட்டவணையில் அந்தக் கட்டம் எங்கே இருக்கிறது என்று அவளையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.